லாபம் என்ற வாத்து

போன சனிக்கிழமை நூலக மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்ததும் நீங்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படி இறங்கினீர்களே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் நாம். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள், பெரிய பெரிய பதவி பார்த்தவர்கள் எல்லாம் இருக்கிறீர்கள். திரையில் ஒரு பந்தை உருட்ட முடியவில்லை என்பதற்காகவா இந்தச் சோகம்? "இந்த வயசுல நமக்கெல்லாம் இது ஏறாதுங்க" என்று தபால் ஆபீஸ்காரர் சொன்னார். அத்தனை பேரும் பூம்பூம் மாடுபோல் தலையை ஆட்டினீர்கள். உங்களை அந்த வகுப்புக்கு இழுத்து வந்தவள் நான். எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், கைதான் பேசும். அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. களம் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. என் அம்மா இதை நெல்லோடு நிறுத்தவில்லை. இட்லி எடுத்துப் போட்டாலும் லாபம், காய்ந்த துணியை மடித்தாலும் லாபம், ஊருக்குக் கிளம்பும்போது பைகளை எண்ணினாலும் லாபம். காலையில் மன்னார்குடி பஸ்ஸில் எங்களை ஏற்றிவிடும்போது அக்காவின் தலையைத் தொட்டு "லாபம்" என்பாள், என் தலையைத் தொட்டு "ரெண்டு" என்பாள். பிறந்ததிலிருந்து நான் ரெண்டுதான். அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு, வெளியே சொன்னதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒன்றே ஒன்று. சயின்ஸ் லேபுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையை வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டு, அதை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அதன் மேல் ஒரு சிவப்பு வெல்வெட் துணி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு தை மாசம் வரைக்கும் திரையின் ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தால் பினாயில் வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் புதுக் குடம் வாங்கி மூக்கருகே வைத்தால் எனக்கு அந்த அறை ஞாபகம் வருகிறது.

அந்த அறைக்குப் பொறுப்பு கணக்கு சார். மெட்ராஸ்காரர், மாற்றலாகி எங்கள் பக்கம் வந்தவர். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து, சாயங்காலம் பள்ளி விட்டதும் அவர்களுக்கு மட்டும் வகுப்பு வைத்தார். கணக்கு வந்தவனுக்குத்தான் கம்ப்யூட்டர் வரும் என்று அவர் நம்பினார். ஊரே நம்பியது, நானும் நம்பினேன். நான் அரைப் பரீட்சையில் கணக்கில் ஃபெயில்.

அப்புறம் நான் எப்படி உள்ளே போனேன் என்கிறீர்களா? என் அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நானும் அங்கே உட்கார்ந்து அடித்துப் பழகிவிட்டேன். சாரோ ஒற்றை விரலால், கோழி தவிட்டைக் கிளறுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவார். நூற்றுக்காரர்களும் அப்படியே. ஒருநாள் ஆபீஸ் மிஷினில் நான் ஏதோ நோட்டீஸ் அடிப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணை அனுப்புங்க, டைப் அடிக்கட்டும்" என்று கேட்டு வாங்கிப் போனார். வகுப்பு முடிந்து அறையைப் பூட்டும்போது வாசலில் நின்று ஆட்களை எண்ணுவது அவர் வழக்கம். "ஒன், டூ, த்ரீ" என்று நூற்றுக்காரர்களை எண்ணுவார். என்னைப் பார்த்ததும் "ஆங், டைப்பிஸ்ட்" என்பார். பூட்டுவார்.

வீட்டில் அம்மா கேட்டாள். "டிவி பாக்கறதுக்கா ஸ்பெஷல் கிளாஸ்?"

"டிவி இல்லம்மா, கம்ப்யூட்டரு."

"அதுல எழுத்து தெரியுதுல்ல?"

"தெரியுது."

"அப்ப டிவிதான். ஏழு மணி பஸ்ஸ வுட்டுடாத."

நூற்றுக்காரர்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள், நான் அடிப்பேன். பகா எண்களைக் கண்டுபிடிப்பது, வாய்ப்பாடு போடுவது, சராசரி எடுப்பது. எனக்கு அது என்ன கணக்கென்று தெரியாது. ஆனால் அடித்து அடித்து விரலுக்குத் தெரிந்துவிட்டது. இந்தச் சொல் வந்தால் மிஷின் எழுதும், இந்தச் சொல் வந்தால் திரும்பிப் போய் அதையே மறுபடி செய்யும், இந்தச் சொல் வந்தால் நின்று யோசிக்கும். நான் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் திரையில் 'மிஸ்டேக்' என்று ஒரே ஒரு சொல் வரும். அவ்வளவுதான். கணக்கு நோட்டில் வரும் சிவப்பு மைபோல அது என்னை வையவில்லை, முட்டி போடச் சொல்லவில்லை, அப்பாவைக் கூட்டி வா என்று சொல்லவில்லை. திருத்தி அடித்தால் பழசை மறந்துவிடும். என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. போன வாரம் திரையில் சிவப்பாக நாலு வரி வந்ததற்கே கையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

அது சம்பா அறுப்பு முடிந்த நேரம். அறுத்த வயல்களில் உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வாத்து மேய்ப்பவர்கள் மந்தை மந்தையாக ஓட்டி வருவார்கள். மூங்கில் கழியின் நுனியில் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கும், அதை ஆட்டினால் அத்தனை வாத்தும் திரும்பும். எங்கள் ஊர் மதகுக்குப் பக்கத்தில் வாத்துகள் ரோட்டைத் தாண்டினால் பஸ் நிற்க வேண்டியதுதான். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பார். வாத்துகளுக்கு ஹாரனாவது கீரனாவது, ஆடி அசைந்துதான் போகும். ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாத்து அப்படியே 2 மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. வளைந்த கழுத்து, தட்டையான அடிவயிறு. எனக்கு அன்று ஸ்கூலுக்குப் போகிற வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

நூற்றுக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு 2-ஐ திரையில் நடக்கவிட்டேன். 2-ன் மூக்கு இடது பக்கம் பார்க்கும், அதனால் என் வாத்து வலமிருந்து இடமாகத்தான் போகும். முதல் தடவை ஓட்டியபோது ஒரு வாத்துக்குப் பதிலாகத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே 2222 என்று வரிசை கட்டி நின்றது. வாத்து தான் இருந்த இடத்தை விட்டு வரவே இல்லை. புது இடத்தில் வாத்தை எழுதினால் போதாது, பழைய இடத்தை அழிக்கவும் வேண்டும் என்று புரிய இரண்டு சாயங்காலம் ஆனது. 2-க்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தையும் சேர்த்து எழுதினேன். வாத்து நடந்தது! நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். எடுத்த எடுப்பில் பெரிய விளையாட்டு செய்யப் போகாதீர்கள். ஒரு வாத்து நடக்கட்டும், அது போதும். அது நடந்த பிறகு அதை நிற்க வைக்க வேண்டும் என்று உங்களுக்கே ஆசை வரும். எனக்கு வந்தது. நீளப் பட்டனைத் தட்டினால் வாத்து நிற்கும்படி செய்தேன். பிறகு திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஆங்கிலத்தில் பஸ் என்று மூன்று எழுத்து ஓடும்படி செய்தேன். அந்த மூன்று எழுத்துதான் பஸ். இடது ஓரத்தில் வாத்துப் பட்டி. பத்து வாத்துகளையும் பஸ்ஸில் அடிபடாமல் பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் 'வெற்றி' என்று வரும். ஒன்று குறைந்தாலும் 'ஒரு வாத்து காணோம்' என்று வரும். தமிழ் எழுத்து அந்த மிஷினுக்குத் தெரியாது, எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். முதல் வாத்து பட்டிக்குள் நுழைந்ததும் மூலையில் 'லாபம்' என்று காட்டும்படி எழுதினேன். அப்புறம் வருகிற ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டச் சொன்னேன். இதற்கு நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் எண்ணுவது அப்படித்தான்.

எழுதிய புரோகிராமைக் கேசட்டில்தான் அப்போது பதிந்து வைக்க வேண்டும். கையில் வேறு கேசட் இல்லாததால் அக்காவின் பாட்டுக் கேசட்டை எடுத்துப் பதிந்துவிட்டேன். அவள் அதை டேப் ரெக்கார்டரில் போட்டாள். பாட்டுக்குப் பதிலாகக் காதைக் கிழிக்கும் கீச்சொலி. "பாட்டு எங்கடி? ஏண்டி, பாட்டு எங்க?" என்று வீடு முழுக்கத் துரத்தினாள். அதுதான் என் வாத்து என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை சார் நாங்கள் நினைத்ததைவிட முன்னாலேயே அறைக்குள் வந்துவிட்டார். நூற்றுக்காரர்களில் உயரமானவன் என் நாற்காலியில் உட்கார்ந்து வாத்து ஓட்டிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் அவன் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"விளையாடறதுக்கா இதை வாங்கி வெச்சிருக்கு?" என்றார் சார்.

உயரமானவன் எழுந்து நின்றான். ஆனாலும் அவனுக்கு ஆதங்கம் தாங்கவில்லை. "சார், பத்தையும் கொண்டாந்து சேத்துட்டேன் சார். ஒரு வாத்து காணோம்னே சொல்லுது சார். எத்தன தடவ ஆடுனாலும் ஒம்போதுதான் வருது."

சார் குனிந்து திரையைப் பார்த்தார். "இது என்ன, லாபம்? இது எதுக்கு இங்க?"

"சும்மா சார்" என்றேன்.

"சும்மாவா? பத்து வரைக்கும் எண்ணத் தெரியலை, உனக்குக் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" அவர் கத்தவில்லை, சலித்துக்கொண்டார். அதுதான் அதிகமாக வலித்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்பேன். பத்தும் சரியா வரணும். வரலைன்னா நீ இனிமே இங்க வர வேண்டாம். எட்டாங்கிளாஸ்ல யாருக்கோ டைப் தெரியுமாம், அவங்களைப் போட்டுக்கறேன்."

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அதற்குமுன் எதையும் அப்படி நான் வேண்டுமென்று நினைத்ததில்லை. பள்ளியில் மற்ற எல்லா இடத்திலும் நான் கணக்கில் ஃபெயிலான பெண். அந்த அறைக்குள் மட்டும்தான் வாத்துக்காரி. பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

எங்கே தப்பு என்று தெரியாமல் ஒரு திருட்டு வேலையும் யோசித்து வைத்திருந்தேன். பதினொரு வாத்து விட்டால் பத்து என்று காட்டுமே! திங்கட்கிழமை அதையும் செய்து பார்த்தேன். வெற்றி என்று வந்தது. உயரமானவன் விரல் விட்டு எண்ணினான். "பதினொண்ணு போவுதே, இந்த ஒண்ணு யாரு வூட்டு வாத்து?" என்று கேட்டு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கூடுதல் வாத்தை எடுத்துவிட்டேன். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்காமல் வேறு இடத்தில் ஒட்டுப் போட்டால் இப்படித்தான் ஆகும். நீங்களும் போடுவீர்கள். நான் வேலைக்குப் போன பிறகும் எத்தனையோ ஒட்டுப் போட்டிருக்கிறேன்.

அந்த வாரம் நடுவில் ஒருநாள் பள்ளி விடுமுறை. எங்கள் களத்தில் நெல் அளந்தார்கள். அளந்தது சித்தப்பா. அம்மா சாக்கைப் பிடித்தாள். என்னிடம் ஒரு கொட்டாங்கச்சியும் கொஞ்சம் புளியங்கொட்டையும் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு கொட்டை போட வேண்டும், பேச்சில் எண்ணிக்கை தவறினாலும் கொட்டை தவறாது. வெயில் ஏறி, பதர் பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. சித்தப்பா குவியலில் மரக்காலைச் செருகி, தலை தட்டித் தூக்கி, ராகம் போட்டு "லாபம்..." என்றார். நான் கொட்டாங்கச்சியில் ஒரு கொட்டையைப் போட்டேன்.

போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. வாய் லாபம் என்று சொன்னது. கை ஒரு கொட்டையைப் போட்டது. என் புரோகிராமுக்கு வாய் இருந்தது, கை இல்லை! முதல் வாத்தை மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அதற்குக் கொட்டை போட மறந்திருந்தேன். லாபம் என்றால் ஒன்று என்று நமக்குத் தெரியும், அந்த மிஷினுக்கு யார் சொன்னது?

"என்னடி, வெயில்ல பேயறஞ்ச மாரி உக்காந்துருக்க? ரெண்டு சொல்லியாச்சு, போடு!" என்றாள் அம்மா.

போட்டேன். அன்றைக்கு ஒரு கொட்டைகூடத் தவறவில்லை.

அடுத்த நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மிஷினைத் தொட முடிந்தது. கேசட் கீச்சிட்டு முடிவதற்குள் சார் வந்து பக்கத்தில் நின்றார். லாபம் என்று எழுதச் சொன்ன வரிக்குக் கீழே எண்ணிக்கையில் ஒன்று சேர் என்று ஒரு வரி அடித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை மிஸ்டேக் வந்தது. மூன்றாம் தடவை சரியாக அடித்துவிட்டு எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன்.

"அந்த லாபத்தை எடுக்கலையா இன்னும்?"

"இருக்கட்டும் சார்."

"என்னதான் அது, சொல்லேன்."

சொன்னேன். எங்கள் வீட்டில் இட்லி எடுப்பதிலிருந்து தொடங்கிச் சொன்னேன். நான் அவரிடம் அவ்வளவு பேசியதே கிடையாது. உயரமானவன் எனக்குத் துணைக்கு வந்தான். "ஆமா சார், எங்க வூட்லயும் அப்படித்தான். ஒண்ணுன்னு சொன்னா எங்க தாத்தா திட்டுவாரு."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டனில் விரலை வைத்தார். மூன்றாவது வாத்து பஸ்ஸில் அடிபட்டது. "அய்யய்யோ!" என்றார். கடைசியில் ஒரு வாத்து காணோம் என்று வந்தது. இந்த முறை அது உண்மை. மறுபடி ஆடினார். மறுபடியும் அடிபட்டது. "பஸ் ரொம்ப வேகமா வருதும்மா" என்றார் என்னிடம். "எங்க ஊரு டிரைவரு அப்படித்தான் சார்" என்றேன். அறையில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

இன்றைக்கு யோசித்தால் அந்த மனிதர் மேல் எனக்குப் பாசமே வருகிறது. எங்கோ சில நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, விலை உயர்ந்த மிஷினை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அது கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? அந்த வெல்வெட் துணி, செருப்புக் கட்டுப்பாடு, விளையாட்டு என்றதும் வந்த கோபம், எல்லாம் பயம். எங்களுக்கு ஒரு பக்கம் முன்னால் படித்துக்கொண்டு வந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நாங்கள் அவரைப் பெரிய நிபுணர் என்று நினைத்தோம், அவர் என்னைக் கணக்குத் தெரியாதவள் என்று நினைத்தார். அந்த அறையில் எல்லாருமே புதுசு. அப்புறம் முப்பது வருஷம் நான் நிரல் எழுதித்தான் சோறு தின்றேன். அந்தக் கேசட் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அக்கா இன்னும் போனில் அந்தப் பாட்டைக் கேட்டுச் சண்டை போடுகிறாள். நீங்கள் இப்போது கற்கும் மொழியில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று தபால் ஆபீஸ்காரர் கோபித்துக்கொண்டாரே, எனக்கு அது உறுத்தவே இல்லை. முதலில் வருகிற ஆளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவது நமக்கென்ன புதிதா?

மணி ஏழை நெருங்கியது. "சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றோம். "இருங்கப்பா, இருங்க" என்றார். கடைசி வாத்து நடுரோட்டுக்கு வந்தது. பஸ் இறங்கியது. அவர் பட்டனைத் தட்டி நிறுத்தினார். பஸ் போனது. வாத்து மெதுவாக ஆடி அசைந்து பட்டிக்குள் நுழைந்தது. பத்து. வெற்றி.

சார் எழுந்து, சுவிட்சை அணைத்து, வெல்வெட் துணியால் மூடினார். நான் இனி வரலாமா கூடாதா என்று அவர் சொல்லவே இல்லை. எனக்குக் கேட்கவும் தைரியம் இல்லை. நாங்கள் நால்வரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றோம். அவர் கதவைச் சாத்தி, பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் எண்ணுவதற்குத் திரும்பினார்.

என் தலைக்கு நேரே விரலை நீட்டினார்.

"லாபம்" என்றார். "டூ, த்ரீ, ஃபோர்."

பூட்டினார்.